பழைய வேட்டியில் ஒரு குட்டிப் பேய்

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் சேகரிப்பில், 1910களில் நியூயார்க் தெருக்களில் எடுத்த சில புகைப்படங்கள் இருக்கின்றன. அப்பாவின் தொளதொள கோட்டு, தரையைப் பெருக்குகிற அம்மாவின் பாவாடை, நசுங்கிய தொப்பி, முகமூடி என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிற சின்னஞ்சிறு பிள்ளைகள். வழியில் போகிற கனவான்களிடம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது ஹாலோவீன் அல்ல, நவம்பரில் வருகிற தேங்க்ஸ்கிவிங். அந்தக் காலத்து நியூயார்க் ஏழைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காசும் ஆப்பிளும் மிட்டாயும் கேட்டார்கள். ராகமஃபின் டே என்று அதற்குப் பெயர். கந்தல் கட்டிய பிள்ளைகளின் நாள்.

1930களுக்குப் பிறகு அந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது. வேஷமும் கதவு தட்டுதலும் அக்டோபர் 31-இல் வருகிற ஹாலோவீனுக்கு இடம் மாறின. புரூக்ளினின் பே ரிட்ஜிலும், ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நான் இருக்கிற நியூஜெர்சியின் ஹோபோக்கனிலும் ராகமஃபின் என்ற பெயரில் பிள்ளைகளின் ஊர்வலம் நடப்பது அந்த நாளின் மிச்சம்.

ஹாலோவீனின் வேரைத் தோண்டினால் எங்கே தொட்டாலும் இல்லாதவர்கள்தான் வருகிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லிச் சின்னச் சின்ன கேக்குகளை வாங்கிக்கொண்டார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைத்தார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறி வந்த ஐரிஷ்காரர்களுக்கு, அமெரிக்காவில் கிழங்கைவிடப் பெரிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது மிட்டாய் சுருங்கியது. 1947-இல் ரேஷன் எடுபட்டதும் மிட்டாய்க் கம்பெனிகள் இந்த ராத்திரியைப் பிடித்துக்கொண்டன. கடையில் வாங்கித்தான் கொண்டாட வேண்டும் என்ற எண்ணம் நம் தாத்தா பாட்டிகளின் காலத்தில் முளைத்தது. அதற்கு முந்தைய ஹாலோவீன் பெரும்பாலும் வீட்டுப் பழந்துணியில் நடந்தது.

அக்டோபர் பிறந்தாலே பர்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற இளம் தாய் தகப்பன்மாரை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2025 ஹாலோவீனுக்குக் கணித்த செலவு 1,310 கோடி டாலர். தலைக்குச் சராசரியாக 114 டாலர். இதில் மிட்டாய் விலை தனிக்கதை. 2023 தொடக்கத்தில் டன்னுக்கு 2,600 டாலர் அளவில் இருந்த கோகோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைகிற ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் மழை பொய்த்தும், பெய்யக் கூடாத நேரத்தில் பெய்தும், மரங்களை நோய் பிடித்தும் விளைச்சல் விழுந்தது. அதன் பிறகு விலை இறங்கினாலும் கடையில் பாக்கெட் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை.

நியூஜெர்சியின் எடிசன், ஐஸ்லின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செலவு தனியாகவும் வருவதில்லை. நவராத்திரிக் கொலு முடிந்த கையோடு தீபாவளி, அதற்கு முன்னோ பின்னோ ஹாலோவீன். 2024-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. எங்கள் பக்கத்தில் பல வாசல்களில் அகல் விளக்கும் செதுக்கிய பரங்கிக்காயும் அக்கம்பக்கமாக எரிந்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒருவர் சம்பளத்தில், ஹெச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாத மனைவியோடு, ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு வாடகை கட்டுகிற வீட்டில் புதுத்துணி, பட்சணம், காஸ்ட்யூம், மிட்டாய் மூட்டை என்று எல்லாம் ஒரே வாரத்தில் விழுந்தால் எங்கே போவது? பள்ளியிலிருந்து வேஷ ஊர்வலத்துக்குக் கடிதம் வந்துவிடுகிறது. நம் பிள்ளை மட்டும் சும்மா போய் நிற்கக் கூடாதே என்கிற தவிப்பில் கிரெடிட் கார்டு வெளியே வருகிறது.

அந்தத் தவிப்பு தேவையில்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்த ராத்திரியில் பிடித்துப்போகிற எதுவும் விலை கொடுத்து வாங்குகிற பொருள் அல்ல.

மூன்று வயதின் கண்ணால்

கொஞ்சம் அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். சாப்பிட்டுத் தூங்க வேண்டிய இருட்டு நேரத்தில் வெளியே கூட்டிப்போகிறார்கள். தெருவே வேறு மாதிரி இருக்கிறது. தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று வருஷம் முழுக்கச் சொன்ன அம்மா, இன்றைக்குத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டு என்கிறாள். கதவு திறக்கிறது. ஒரு பெரியவர் குனிந்து, இந்தப் பிள்ளையை யார் என்று கேட்கிறார். நான் பூனை என்று சொன்னால் நம்புகிறார். இதைவிடப் பெரிய அதிசயம் மூன்று வயதுக்கு வேறென்ன வேண்டும்?

அதே அதிசயம் பயமாக மாறுவதற்கும் ஒரு நொடி போதும். இந்த வயதில் வேஷம் எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கிற தெளிவு இன்னும் வந்திருக்காது. வாசலில் சத்தம் போட்டு எழுந்து உட்காருகிற எலும்புக்கூட்டுப் பொம்மையை நூறு டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி வைத்த வீட்டின் முன்னால், குட்டிப் பிள்ளைகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறுவதைப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த அலங்காரம் வீண் செலவு. கறுப்புக் காகிதத்தில் வெட்டிய வௌவால்கள், டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டையில் இரண்டு கண் வெட்டி உள்ளே ஒளிர்குச்சி போட்டுப் புதரில் செருகுவது, இவை போதும். அந்த வௌவாலைப் பிள்ளையே வெட்டி ஒட்டியிருந்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி மாளாது.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடிய பெரிய ஏற்பாடு ஒத்திகைதான். ஒரு வாரம் முன்பிருந்தே சாயங்காலங்களில் வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். எனக்குத் தெரிந்த வீட்டில், பேத்தியைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேத்தி தட்டுவாள்.

"யாரது?"

"ட்ரிக் ஆர் ட்ரீட்!"

"அடி ஆத்தி, பூனைக்குட்டின்னா வந்திருக்கு! உனக்கு என்ன வேணும்டி கண்ணு?"

"மிட்டாய் குடுங்க பாட்டி."

பாட்டி நாலு உலர்திராட்சையைக் கூடையில் போடுவார். நன்றி சொன்னால்தான் கதவு மூடும். மறுபடி குளியலறைக் கதவு, அப்புறம் சமையலறைப் பக்கம். ஒன்று மட்டும் எடுக்க வேண்டும், பிடிக்காததைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது, கதவு திறந்தால் உள்ளே ஓடக் கூடாது என்பதெல்லாம் அந்த விளையாட்டிலேயே வந்துவிட்டது. 31-ஆம் தேதி தெருவில் அவள் கூச்சப்படவே இல்லை.

வெளியே போனால் நாலைந்து வீடு போதும். தெரிந்த முகங்களாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை போதும் என்று சிணுங்கிய பிறகும் கூடை நிறையவில்லையே என்று இழுத்துப் போவது பெரியவர்களின் ஆசை.

அலமாரியில் இருக்கிறது வேஷம்

கடையில் ஒரு குழந்தைக் காஸ்ட்யூம் முப்பது, நாற்பது டாலர் சுலபமாக ஆகிவிடும். மெல்லிய பாலியஸ்டர் துணி. ஒரே ராத்திரியில் தையல் விட்டுப்போகும். அதற்குள்ளே குளிர்ஜாக்கெட் நுழையாது. மேலே ஜாக்கெட் போட்டால் வேஷம் தெரியாது. அக்டோபர் கடைசியில் நியூஜெர்சிக் குளிருக்குப் பயந்து, நாற்பது டாலர் இளவரசியை அறுபது டாலர் ஜாக்கெட்டுக்குள் மூடிக் கூட்டிப்போகிற காட்சி ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

அதனால் வேஷத்தைக் குளிரிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி இதற்கு அருமையான துணி. இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை போடுங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்படி விளிம்பை வளைவு வளைவாக வெட்டுங்கள். ஜாக்கெட்டை மாட்டி, அதன் மேல் இதைப் போட்டுவிட்டு, வெள்ளைக் குல்லாயை மாட்டி, மூக்கு நுனியில் மட்டும் கறுப்பு மை. குட்டிப் பேய் தயார். துணியை முகத்தின் மேல் போட்டுக் கண்ணுக்கு ஓட்டை வெட்டுகிற பழைய முறை வேண்டாம். 1966-இல் வந்த சார்லி பிரவுன் ஹாலோவீன் கார்ட்டூனில் அவன் போர்வை முழுக்க ஓட்டை போட்டுவிட்டுத் தவிப்பான்; கார்ட்டூனில் சிரிக்கலாம். நிஜத்தில் துணி நகர்ந்தால் பிள்ளைக்குப் படி தெரியாது, வருகிற கார் தெரியாது. கடை முகமூடிக்கும் இதே பேச்சுத்தான். முகத்தில் கொஞ்சம் சாயம் பூசினால் போதும். அதையும் முதல் நாளே முன்கையில் தடவி, தோல் சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் அது தீயணைப்பு வண்டி. மேலும் கீழும் மூடிகளை வெட்டி எறிந்து, பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தோள்பட்டை கட்டி, காகிதத் தட்டில் நாலு சக்கரம் ஒட்டி, சிவப்புச் சாயம் அடித்தால் ஆயிற்று. மஞ்சள் அடித்தால் பள்ளிப் பேருந்து. இரண்டு சனிக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம். பெட்டிக்குள் நின்றுகொண்டு அவன் ஹாரன் அடிக்கிற சந்தோஷம் ஹாலோவீனுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பெட்டி பிய்கிற வரை நடக்கும். நடந்து போகிற தூரத்துக்குத்தான் இது உதவும். கார் சீட்டில் உட்கார வைக்க முடியாது.

மஞ்சள் டி-ஷர்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கே நாலு வரி ஒட்டினால் தேனீ. மழைக்கோட்டும் பூட்ஸும் இருந்தால் மீனவன். கதைப்புத்தகத்தில் பிள்ளைக்குப் பிடித்த கரடி இருந்தால் பழுப்புச் சட்டையும் காது தைத்த குல்லாயும். காசு கொடுத்து ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால், ஏதாவது மிருக வடிவிலான கம்பளித் துணி இரவு உடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஹாலோவீனுக்கு வேஷம், மார்ச் வரை தூங்குகிற உடை.

பட்டுப்பாவாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலவில்லாமல் கையில் இருக்கிறதே என்று பள்ளி வேஷ ஊர்வலத்துக்கு அதை மாட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது அவளுடைய நல்ல உடை, பாட்டி எடுத்துக் கொடுத்தது. பேய்க்கும் கடற்கொள்ளையனுக்கும் நடுவில் அதுவும் ஒரு வேஷம் என்று ஐந்து வயதில் மனதில் பதிந்துவிட்டால் அதை எடுப்பது கஷ்டம். தீபாவளியன்று போட்டு அனுப்புங்கள், ஆசிரியையிடம் பெருமையாகச் சொல்லட்டும்.

வீட்டில் ஒன்றும் தேறவில்லை என்றால் அக்கம்பக்கம் இருக்கிறது. 2013-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் இரண்டு பெண்கள் தொடங்கிய 'பை நத்திங்' குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. விற்பது வாங்குவது கிடையாது, கொடுப்பதும் கேட்பதும் மட்டுமே. செப்டம்பர் கடைசியில், 'நாலு வயதுப் பையனுக்கு ஏதாவது வேஷம் இருக்கிறதா' என்று ஒரு வரி போட்டால் போதும், யாராவது பரணிலிருந்து எடுத்துத் தருவார்கள். பல பொது நூலகங்கள் அக்டோபரில் காஸ்ட்யூம் பரிமாற்ற நாள் வைக்கின்றன. கூடவே கதை சொல்லல், கைவேலை எல்லாம் இலவசம். குட்வில் மாதிரி பழந்துணிக் கடைகளுக்குப் போவதானால் அக்டோபர் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கொடுக்கிறவருக்கும் அந்தப் பெட்டி வீட்டை அடைக்கிறது. நன்றியோடு வாங்கி, அடுத்த வருஷம் இன்னொருவருக்குக் கொடுங்கள்.

ஒரு பரங்கிக்காய், மூன்று வேலை

பண்ணைக்குப் போய்ப் பரங்கிக்காய் பறிப்பது இங்கே ஒரு குடும்ப உல்லாசம். தலைக்கு நுழைவுக் கட்டணம், வைக்கோல் வண்டி சவாரி, ஆப்பிள் சைடர் டோனட் என்று நாலு பேர் போய்வந்தால் காய்கறிச் செலவுக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி காலி. சூப்பர் மார்க்கெட் வாசலில் குவித்து வைத்திருக்கிற காய் அதே காய்தான். ஒன்று வாங்குங்கள். எந்தக் காய் என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். கோணலாக இருப்பதைத்தான் எடுக்கும்; விட்டுவிடுங்கள்.

செதுக்குவதற்கென்று விளைவிக்கிற பெரிய காய்கள், ஹவ்டன் போன்ற ரகங்கள், உள்ளே நாரும் தண்ணீருமாக இருக்கும். சமையலுக்கு அவ்வளவு ருசியில்லை. சுகர் பம்ப்கின் என்று விற்கிற குட்டிக் காய்தான் நம் ஊர்ப் பரங்கிக்கு நெருக்கம். அல்வாவுக்கும் புளிக்கூட்டுக்கும் அதுவே சரி. குட்டிக் காயாக வாங்கிப் பிள்ளையைச் சாயம் பூசவிட்டால் கத்தியே வேண்டாம். வெட்டாத காய் வாரக்கணக்கில் இருக்கும், வெட்டிய காய் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துத் தொய்ந்துவிடும். சாயம் பூசிய காயைச் சமைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

செதுக்குவதென்றால் 29, 30 தேதிகளில். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, பெரியவர் மேல்மூடியை வெட்டித் திறந்ததும் உள்ளே கைவிடுகிற வேலை பிள்ளைக்கு. வழுவழுவென்று நாரும் விதையும் விரல் இடுக்கில் பிதுங்குகிற அந்த அரைமணி நேரம் சில பிள்ளைகளுக்குச் சொர்க்கம். சில பிள்ளைகள் ஒரு விரலை வைத்துவிட்டு ஓடிப்போகும். அவர்களுக்கு ஒரு மரக்கரண்டி. விதையைத் தனியே பிரித்து அலசி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம் புரட்டித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஓவனில் 350 பாரன்ஹீட்டில் கால்மணி, இருபது நிமிஷம். கறிவேப்பிலையைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட்டால் கருகாது. பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் மட்டும் கொடுங்கள். நாலு வயதுக்குக் கீழே விதை தொண்டையில் சிக்கும். காயின் உள்சுவரிலிருந்து சுரண்டி எடுத்த சதையை அன்றைக்கே சாம்பாரில் போட்டுவிடலாம். வாசலில் வைத்து எடுத்த காயைச் சாப்பிடக் கூடாது. உள்ளே மெழுகுவத்திக்குப் பதிலாக டாலர் கடையில் கிடைக்கிற பேட்டரி விளக்கு போதும். தொங்குகிற வேஷத் துணியோடு பிள்ளைகள் ஓடி வருகிற வாசல் அது.

வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு

எவ்வளவு மிட்டாய் வாங்குவது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், நம் தெருவுக்கு இருபது பேர் வருவார்களா, இருநூறு பேரா என்று சொல்லிவிடுவார்கள். அபார்ட்மென்ட்டாக இருந்தால் பல இடங்களில் முகப்புக்கூடத்தில் ஒரு தாள் ஒட்டி, கொடுக்கிற வீட்டு எண்களை எழுதச் சொல்வார்கள். கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் கையால் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் பாதி மிட்டாயில் முடிந்துவிடும், வருகிற பிள்ளைகளின் வேஷத்தையும் பார்க்கலாம். சாக்லேட் விலை ஏறிக் கிடக்கிறபோது சாக்லேட்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1949-இல் நியூஜெர்சியில் தொடங்கி இன்றும் இங்கே யூனியன் ஊரில் தயாராகிற ஸ்மார்ட்டீஸ், கண்ணாடித்தாளில் சுருட்டிய குட்டி வில்லை மிட்டாய், ஒரு பெரிய பையில் மலிவாக வரும். கடலை, முந்திரி ஒவ்வாத பிள்ளைகளுக்கும் அது ஆகும்.

ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளுக்காக 2012-இல் டென்னசி மாநிலத்தில் ஒரு வழக்கம் பிறந்து, 2014-இல் நாடு முழுக்கப் பரவியது. வாசலில் நீலப்பச்சைச் சாயம் அடித்த பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத ஏதோ ஒன்றும் கிடைக்கும் என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில், ஒளிர்குச்சி. மொத்தமாக வாங்கினால் சாக்லேட்டைவிட மலிவு, மீந்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. தீபாவளிக்குச் செய்த மைசூர்பாகை ஆசையாகப் பொட்டலம் கட்டி வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டாம். கடைப் பொட்டலம் இல்லாததைப் பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுக்க முடியாத வருஷம் என்று ஒன்று வரும். வாசல் விளக்கை அணைத்துவிட்டால் யாரும் தட்ட மாட்டார்கள். அதைத் தவறாகவும் நினைக்க மாட்டார்கள். வசதியான தெருக்களுக்கு வேறு பேட்டைப் பிள்ளைகள் வருவதைப் பற்றி முணுமுணுக்கிறவர்கள் சிலர் உண்டு. கூடையோடு வாசலில் நிற்கிற குழந்தை எந்தத் தெரு என்று கேட்பது அழகே இல்லை. இந்த ராத்திரியே அப்படி வந்து கேட்டவர்களால் உண்டானது.

வேஷத்தைவிட, மிட்டாயைவிடக் கவலைப்பட வேண்டியது கார். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்த கனடா ஆய்வாளர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறப்பது அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வருகிற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. ஆபத்து உச்சத்தில் இருப்பது மாலை ஆறு மணிவாக்கில். நியூஜெர்சியில் அன்று ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். குட்டிப் பிள்ளைகளை ஐந்து மணிக்கே கிளப்பி, வெளிச்சத்திலேயே பெரும்பாலும் முடித்துவிடுங்கள். சைக்கிள் கடையில் விற்கிற, விளக்கு பட்டால் பளிச்சிடுகிற டேப்பை முதுகிலும் கூடையிலும் ஒட்டுங்கள். இந்தப் பண்டிகையில் யோசிக்காமல் செய்ய வேண்டிய செலவு அது ஒன்றுதான். தேவாலயங்களிலும் பள்ளி மைதானங்களிலும் கார் டிக்கிகளைத் திறந்து அலங்கரித்து மிட்டாய் கொடுக்கிற நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம். வாகனப் பயமும் அங்கே குறைவு.

மிட்டாயில் விஷம், பிளேடு என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாக இந்தச் செய்திகளைத் துருவியிருக்கிறார். முன்பின் தெரியாதவர் வாசலில் கொடுத்த மிட்டாயில் கலந்த விஷத்தால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-இல் டெக்சாஸில் விஷம் கலந்த மிட்டாயைத் தின்று இறந்த சிறுவனுக்கு அதைக் கொடுத்தது அவன் அப்பாவேதான். வீட்டுக்கு வந்ததும் கூடையைக் கொட்டிப் பாருங்கள், கெட்டி மிட்டாய்களையும் கடலை இருப்பதையும் சின்னவனுக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அது போதும். மிச்சத்தில் பாதியை உறைபெட்டியில் போட்டால் கிறிஸ்துமஸ் கேக்கில் சேர்க்கலாம்.

நவம்பர் முதல் தேதி கடைகளில் எல்லாம் பாதி விலை, இரண்டு நாள் போனால் கால் விலை. அடுத்த வருஷத்துக்கு இப்போதே காஸ்ட்யூம் வாங்கலாமே என்று கை போகும். பன்னிரண்டு மாதத்தில் பிள்ளை டைனோசரை மறந்து ராக்கெட்டுக்குப் போயிருக்கும். அதனால் எந்த வேஷத்துக்கும் ஒத்துவருகிற கறுப்பு மேலங்கி, பேட்டரி விளக்குகள், முகச்சாயம், ஒரு உறுதியான துணிப்பை, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொய்ந்துபோன பரங்கிக்காயைக் குப்பையில் போடாமல், தோட்டம் இருந்தால் மண்ணில் புதையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊராட்சி உரமாக்க வாங்கிக்கொள்கிறதா என்று கேளுங்கள். பல ஊர்களில் அதற்கென்றே ஒரு சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காயை ஓங்கிப் போட்டு உடைக்கவும் விடுகிறார்கள்.